தேறிய நிறை

சீனன்குடா மா ஆலையில்
நிறுவைப் பாலம் என் பொறுப்பு.
வெறும் லொறி ஏறும், எழுதுவேன்.
மூட்டைகளோடு திரும்பி ஏறும், எழுதுவேன்.
பெரியதிலிருந்து சிறியதைக் கழித்தால்
தேறிய நிறை.
பதினாறு வருசமாய் இந்த ஒரே கணக்கு.

என்னுடையது தொண்ணூற்று நான்கு.
சொன்னது ஆஸ்பத்திரித் தராசு.
டொக்டர் என் முழங்காலைப் பார்த்தார்,
வேலிச் சண்டைக்கு வந்த விதானையார்
கதியாலைப் பார்ப்பதுபோல.

டின் விற்றவள் பிறேமிளா,
கணக்குப் பகுதி; பின்னேரங்களில் இந்த வியாபாரம்.
வனிலா. ஒன்பதாயிரத்து இருநூறு.
காலை ஒரு குவளை, மத்தியானம் ஒரு குவளை,
இரவுக்கு மட்டும் சாப்பாடு.
"அண்ணை, இதுக்குள்ள எல்லாம் இருக்கு."
மூடியைத் திறந்தேன்.
மா.
நாள் முழுக்க மாவை வெளியே அனுப்புகிறவன்
காசு கொடுத்து மா வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.
சுகந்தினி ஒன்றும் சொல்லவில்லை.
டின்னின் விலையை
அரிசி விலையால் பிரித்துப் பார்த்தாள், அவ்வளவுதான்.

பன்னிரண்டரைக்குச் சங்கு.
நஸ்மின் கிண்ணியாவிலிருந்து கொண்டுவந்த பாசலை அவிழ்ப்பான்:
பாரைமீன் ஆணம், கத்தரிக்காய்ப் பால்கறி,
மூடி இறுக்கிய போத்தலில் எருமைத் தயிர்.
நான் குலுக்குவேன்.
ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும்.
மிச்ச இருபத்தெட்டரை நிமிடத்தை
என்ன செய்வதென்று டின்னில் எழுதியில்லை.
பற்கள் சும்மா இருந்தன.
ஜன்னலுக்கு வெளியே குடாவில் கோதுமைக் கப்பல்,
அதன் வயிற்றுக்குள் இறங்கி உறிஞ்சும் குழாய்.
நானும் அதுவும் ஒரே நேரத்தில்
இலேசாகிக்கொண்டிருந்தோம்.

பொய் சொல்லக்கூடாது, குறைந்தது.
ஏழாம் கிழமை எண்பத்தொன்பதரை.
பெல்ட்டில் புதிதாய் ஓர் ஓட்டை.
டச்பேயில் சுகந்தினியோடு நடந்தபோது
முழங்கால் முணுமுணுக்கவில்லை;
நான்தான் முணுமுணுத்தேன், கடலை வண்டியைக் கடக்கையில்.
மறுநாள் லொறி இல்லாத இடைவெளியில்
பாலத்தில் நானே ஏறி நின்றேன்.
நஸ்மின் திரையைப் பார்த்துக் கத்தினான்:
"எண்பது!"
இருபது இருபது கிலோவாகத்தான் பாலம் எண்ணும்,
இடையில் நிற்பதைக் கிட்டிய பக்கம் தள்ளிவிடும்.
தெரிந்தும் சந்தோசப்பட்டேன்.

மூன்றாவது டின் முடிந்த மாதம்
சம்பளமும் முடிந்திருந்தது.
பிறகு மச்சாளின் மகளுக்குச் சாமத்தியவீடு.
பிறகு மாரி.
பிறகு, ஏனென்று தெரியாத ஒரு பசி,
கொடுத்த கடனைக் கேட்டு வந்தவன்போல
வாசலைவிட்டுப் போகாமல்.
தொண்ணூற்றொன்று.
ஏறினேன்.
"நூறு" என்றான் நஸ்மின்,
சிரிப்பை அடக்கப் பெரும்பாடுபட்டு.

இப்போதும் பிறேமிளாவிடம்
இரண்டு மாதத்துக்கு ஒரு டின்.
இரவு முறையில் ஒரு மணிக்கு
சந்திக்கடைக் கொத்துக்கு ஆளனுப்பும் வழக்கம் எங்களுக்கு.
பசிக்கு இல்லை, நித்திரையை விரட்ட.
அந்தக் கொத்தின் இடத்தில் குவளையை வைத்தேன்.
அங்கே அது காணும்.
அந்நேரத்து வாய்க்கு
வனிலாவும் தெரியாது, வாழைக்காயும் தெரியாது.

மத்தியானத்தை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டேன்.
சுகந்தினி கட்டும் பாசலின் தாள்
முன்னையதைவிடச் சின்னது.
வெட்டியதை அவள் சொல்லவில்லை,
கண்டதை நானும்.
நஸ்மின் மீன்துண்டொன்றை இந்தப் பக்கம் தள்ளுவான்.
அது எந்தப் பதிவிலும் விழாது.

போன கிழமை, மூதூருக்கு மா ஏற்ற வந்த சாரதி
மேசையில் குவளையைக் கண்டுவிட்டான்.
யன்னலால் தலையை நீட்டி,
தன் வயிற்றைத் தட்டிக் காட்டி,
"உண்மையா மெலியுமோ அண்ணை?"
எங்கே தொடங்குவதென்று யோசித்தேன்.
டின்னிலிருந்தா, மாரியிலிருந்தா,
அந்த எண்பதிலிருந்தா.
பின்னால் இரண்டு லொறிகள் ஹோர்ன் அடித்தன.
"முதல்ல கொஞ்சம் முன்னுக்கு எடும்" என்றேன்,
"பின் சில்லு கோட்டுக்கு வெளியில நிக்குது.
நிறை பிழையா விழும்."